உயிர்த் தகவலியல், வேதித் தகவலியல்: சொல்லும் பட்டமும்

உயிரியல் தகவலைக் கணினியால் ஆராயும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்ற படிப்புக்குத் தமிழில் ஒரே பெயர் நிலைக்கவில்லை. உயிர் தகவலியல், உயிரித் தகவலியல், உயிரியல் தகவல் தொழில்நுட்பம், உயிர் தகவல் தொழில்நுட்பவியல் என்று கைக்கு வந்தபடி எழுதுகிறோம். வேதி மூலக்கூறுகளுக்கு அதையே செய்யும் அதன் உடன்பிறப்பான கெம்இன்ஃபர்மேட்டிக்ஸுக்குத் தமிழ்ப் பெயரைக் காண்பதே அரிது. இந்தப் பெயர்களில் 'தகவல் தொழில்நுட்பம்' என்று முடிபவற்றைக் கைவிட வேண்டும். அவை பொருளைத் திரிக்கின்றன. பிளஸ் டூ முடித்த மாணவர் "ஐடி படிப்பு, கொஞ்சம் பயாலஜியும் உண்டு" என்று நினைத்துச் சேரவும் காரணமாகின்றன. உயிர்த் தகவலியல், வேதித் தகவலியல் என்ற இரண்டும் ஏன் சரியானவை என்பதற்குச் சொல்லின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது.

முதலில் இன்ஃபர்மேட்டிக்ஸ். இது ஆங்கிலத்தில் பிறந்த சொல் அல்ல. 1957இல் ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் ஷ்டைன்புக், தகவலைத் தானியங்கியாகக் கையாளுவதைக் குறிக்க 'இன்ஃபர்மாட்டிக்' என்று எழுதினார். 1962இல் பிரான்சின் ஃபிலிப் ட்ரேஃபுஸ், தகவல், தானியங்கி என்ற பொருள்தரும் இரண்டு பிரெஞ்சுச் சொற்களை ஒட்டி 'ஆன்ஃபர்மாட்டிக்' என்ற பெயரை உருவாக்கினார். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இன்றும் அது கணினி அறிவியலுக்கே பெயர். சோவியத் நாட்டில் 1960களில் அதே சொல் வேறு பொருளில் வேரூன்றியது: அறிவியல் ஆவணங்களைத் திரட்டுவது, வகைப்படுத்துவது, தேடித்தருவது பற்றிய துறை. அமெரிக்காவிலோ, ஒரு துறையின் அறிவைக் கணினியில் எப்படி எழுதிவைத்துப் பயன்படுத்துவது என்ற பொருள் மேலோங்கியது; மருத்துவத் தகவலியல் அப்படி வந்த பெயர்.

மூன்றுக்கும் பொதுவானது தகவலே மையம் என்பது. வலையமைப்பு, சர்வர், மென்பொருள் சேவை ஆகியவை தகவல் தொழில்நுட்பத்தின் வேலை. தகவலியலின் கேள்விகள் வேறு. இந்தப் பொருளைப் பற்றிய தகவல் எது? அதைக் கணினி ஏற்கும் வடிவில் எப்படி எழுதுவது? எழுதும்போது எது விட்டுப்போகிறது? இரண்டை ஒப்பிட்டால் எந்த அளவுக்கு ஒத்தவை என்று எப்படிச் சொல்வது? ஆகவே தகவல் + இயல் = தகவலியல். 'தரவியல்' என்று வைக்கலாமே என்பாரும் உண்டு. தரவு என்பது கருவி தரும் மூல அளவீடு; அதற்குப் பொருள் ஏறியபின் தகவல். தரவு அறிவியல் என்ற பெயரில் தனிப் பட்டங்களும் வந்துவிட்டதால், இங்கே தகவலையே பிடித்துக்கொள்வது குழப்பத்தைக் குறைக்கும்.

உயிரா, உயிரியா?

பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்ற பெயரை வைத்தவர்கள் நெதர்லாந்தைச் சேர்ந்த பாலீன் ஹோகவெக், பென் ஹெஸ்பர் ஆகிய இருவர். 1970இல் டச்சு மொழியில் 'பயோஇன்ஃபர்மாட்டிகா' என்று எழுதினார்கள். உயிருள்ள அமைப்புகளில் நடக்கும் தகவல் நிகழ்வுகளை ஆராய்வது என்பதே அவர்கள் கொடுத்த பொருள். ஒரு செல் தகவலை எப்படிச் சேமிக்கிறது, எப்படிக் கடத்துகிறது, எறும்புக் கூட்டம் எப்படி முடிவுக்கு வருகிறது போன்ற கேள்விகள் அதற்குள் அடங்கும். கணினி அவர்களுக்குக் கருவி, ஆய்வுப்பொருள் உயிரே. உயிர்வேதியியல், உயிர் இயற்பியல் ஆகியவற்றின் வரிசையில் இன்னொரு துறையாகவே இதைக் கண்டார்கள்.

இன்று நாம் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்று சொல்லும் வேலை அந்தப் பெயருக்கு முந்தியது. அமெரிக்காவில் மார்கரெட் டேஹாஃப் 1965இல் அப்போது கிடைத்த 65 புரதங்களின் அமினோ அமில வரிசைகளை நூலாகத் தொகுத்து வெளியிட்டார். அமினோ அமிலங்களுக்கு ஓரெழுத்துக் குறியீடு தந்தவரும் அவரே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் உடனிருந்த ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் 1963இல் வெளியிட்ட வரைபடத்தையும் இந்த வரலாற்றில் சேர்த்தே சொல்ல வேண்டும். புரதச் சங்கிலியின் இரண்டு சுழற்சிக் கோணங்களில் எந்த இணைகள் இயலும், எவை அணுக்கள் மோதிக்கொள்வதால் இயலா என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். இன்று புதிதாக ஒரு புரத வடிவம் தரவுத்தளத்தில் சேரும்போது அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் அதன் தரம் சோதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு வேர் கணினி நிறுவனங்களில் இல்லை. ராமச்சந்திரன் பணிபுரிந்த கிண்டி வளாகத்துப் படிகவியல் துறையில் இருக்கிறது.

1971இல் புரதத் தரவு வங்கி, 1982இல் டிஎன்ஏ வரிசைகளின் தரவுத்தளமான ஜென்பேங்க், 1990இல் ஒத்த வரிசைகளைக் கண்டெடுக்கும் பிளாஸ்ட் தேடல் என்று அடுத்தடுத்து வந்தபோது, 1980களின் இறுதியிலிருந்து சொல்லின் பொருள் நகர்ந்தது. உயிரினுள் நடக்கும் தகவல் நிகழ்வு என்ற முதற்பொருள் பின்னுக்குப் போய், வரிசைகளையும் வடிவங்களையும் கணினியில் ஒப்பிட்டு ஆராய்தல் என்ற பொருள் முன்னுக்கு வந்தது. தமிழ்ச் சொல் இரண்டையும் தாங்க வேண்டும்.

அதனால்தான் 'உயிர்' பொருந்துகிறது, 'உயிரி' பொருந்தவில்லை. உயிரி என்றால் உயிருள்ள ஒன்று: நுண்ணுயிரி என்கிறோம். உயிரியைக் கொண்டு பொருள் செய்வதால் உயிரித் தொழில்நுட்பம் சரியான சொல். இங்கே ஆராயப்படுவது உயிரின் தகவல். உயிர்வேதியியலுக்கு உள்ள முன்னொட்டே இதற்கும் உரியது. எழுதும்போது ஒற்று மிகும். உயிர்ச்சத்து, உயிர்த்தோழி போல உயிர்த் தகவலியல். 'உயிர் தகவலியல்' என்று ஒற்றில்லாமல் எழுதுவது பரவலாக இருந்தாலும் பிழையே.

வேதித் தகவலியல்

கெமோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்ற சொல்லுக்கு வரையறை தந்தவர் ஃபிராங்க் பிரவுன், ஆண்டு 1998. புதிய மருந்து மூலக்கூறுகளைக் கண்டறிந்து மேம்படுத்துவதில் விரைந்து நல்ல முடிவெடுக்க, தரவைத் தகவலாகவும் தகவலை அறிவாகவும் மாற்றுவது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் கெமோ, கெம் என்று இரண்டு எழுத்துமுறைகள் இன்றும் உண்டு. தமிழில் ஒலிபெயர்க்க நேர்ந்தால் கெம்இன்ஃபர்மேட்டிக்ஸ் நல்லது. கீமோ என்றாலே நம் வீடுகளில் புற்றுநோய் சிகிச்சைதான் நினைவுக்கு வரும்.

இந்தத் துறைக்கும் வயது பெயரைவிட அதிகம். 1957இலேயே மூலக்கூறின் ஒரு பகுதியைக் கொடுத்து, அதைக் கொண்ட சேர்மங்களைக் கணினியால் தேடும் முறை வெளியானது. அமெரிக்க வேதியியல் கழகம் 1961இல் தொடங்கிய இதழின் பெயரில் இருந்தது 'வேதியியல் ஆவணப்படுத்தல்'. 1975இல் 'வேதித் தகவலும் கணினி அறிவியலும்' ஆயிற்று. 2005இல் 'வேதித் தகவலும் மாதிரியமைத்தலும்'. துறை நகர்ந்த பாதை அந்த மூன்று பெயர்களில் தெரிகிறது.

வேதியியல் என்பது தமிழ்நாட்டு வழக்கு, இலங்கையில் இரசாயனவியல். சித்தர் நூல்களில் தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக மாற்றும் வித்தைக்கு வேதை என்று பெயர். இரசாயனத்தின் 'இரசம்' பாதரசம். இரண்டு சொற்களிலும் பழைய இரசவாதத்தின் தடம் இருக்கிறது. இலங்கை வாசகருக்கு இரசாயனத் தகவலியல் என்று எழுதுவதில் தவறில்லை. வேதிப்பொருள் என்பதுபோல வேதித் தகவலியல் என்று ஒற்று மிகும்.

தகவலியல் என்பதன் பொருள் விளங்க ஒரு வேலையை அருகிருந்து பார்ப்போம். டேவிட் வைனிங்கர் 1988இல் வெளியிட்ட ஸ்மைல்ஸ் முறையில் மூலக்கூறு ஒரு வரி எழுத்தாகிறது. எத்தனால்: சி, சி, ஓ. அதே மூன்று எழுத்தைச் சி, ஓ, சி என்று மாற்றினால் டைமெத்தில் ஈதர். ஹைட்ரஜனை எழுதுவதில்லை, ஒவ்வோர் அணுவின் இணைதிறனுக்கு ஏற்ப நிரல் நிரப்பிக்கொள்ளும். புதியவர்கள் விழும் குழி இங்கேதான். கார்பன் மோனாக்சைடு என்று நினைத்துச் சி, ஓ என்று எழுதுவார்கள். நிரல் கார்பனுக்கு மூன்று, ஆக்சிஜனுக்கு ஒன்று என ஹைட்ரஜன் சேர்த்து அதை மெத்தனாலாக எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. கார்பன் மோனாக்சைடு வேண்டுமானால், சதுர அடைப்புக்குள் எதிர்மின் சுமையோடு கார்பன், முப்பிணைப்புக் குறி, சதுர அடைப்புக்குள் நேர்மின் சுமையோடு ஆக்சிஜன் என்று முழுதாக எழுத வேண்டும்.

அடுத்த சிக்கல் உப்புகள். வலிநிவாரணி மருந்தான டைக்ளோஃபெனாக்கை எடுத்துக்கொள்வோம். டைக்ளோஃபெனாக் சோடியம், டைக்ளோஃபெனாக் பொட்டாசியம், உப்பில்லாத டைக்ளோஃபெனாக் அமிலம் மூன்றும் தரவுத்தளத்தில் மூன்று பதிவுகளாக இருக்கும். மருந்தாக வேலை செய்யும் மூலக்கூறு ஒன்றே. உப்பைக் கழற்றி, மின்சுமையைச் சீராக்கி, ஒரே பதிவாக்காமல் விட்டால் ஒன்று கணினி மாதிரியைப் பழக்கும் பயிற்சித் தொகுப்பிலும் மற்றொன்று அதைச் சரிபார்க்கும் சோதனைத் தொகுப்பிலும் போய்ச் சேரும். கணினி மாதிரி முன்பே பார்த்த விடையைத் திருப்பிச் சொல்லும். துல்லியம் பொய்யாக உயரும். கட்டுரை வெளிவந்தபின் சரிந்த மாதிரிகள் பலவற்றுக்கு இந்த ஒரு கவனக்குறைவு போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒப்புமை கணக்கிடுவதும் நேரடியானதே. ஒரு மூலக்கூறின் கைரேகையில் (அதன் கட்டமைப்புக் கூறுகளின் பட்டியலில்) 40 கூறுகள், மற்றதில் 50, பொதுவானவை 30 என்றால் டானிமோட்டோ எண் என்ற ஒப்புமை அளவு, பொதுவான 30ஐ இரண்டிலும் சேர்த்து உள்ள 60ஆல் (40 + 50 − 30) வகுத்தது, அதாவது 0.5. அந்த 0.5 எந்தக் கைரேகை முறையில் வந்தது என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அதற்குப் பொருளில்லை. முறை மாறினால் எண்ணும் மாறும்.

உயிர்த் தகவலியலிலும் இதே வகைக் குழிகள்தான். ஏ, சி, ஜி, டி என்பவை டிஎன்ஏவின் எழுத்துகள். அலனின், சிஸ்டீன், கிளைசின், திரியோனின் என்ற அமினோ அமிலங்களின் எழுத்துகளும் அவையே. டிஎன்ஏ வரிசையைப் புரத நிரலில் தவறிக் கொடுத்தால் அது பெரும்பாலும் மறுக்காமல் ஓடி, பயனற்ற விடையைத் தரும். மரபணு இடங்களைக் குறிக்கும் கோப்பு வடிவங்களிலும் இதுவே. குரோமோசோமின் முதல் பத்து இடங்களைப் பெட் கோப்பு 0 முதல் 10 வரை என்று எழுதும். ஜிஎஃப்எஃப் கோப்பு 1 முதல் 10 வரை என்று எழுதும். பெட்டிலிருந்து ஜிஎஃப்எஃப்புக்கு மாற்றும்போது தொடக்க எண்ணில் ஒன்றைக் கூட்ட மறந்தால் எல்லா இடத்தின் தொடக்கமும் ஓரெழுத்து நகரும். எக்செல், செப்ட்2 என்ற மரபணுப் பெயரைச் செப்டம்பர் 2 என்ற தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு இத்தகைய மரபணுக்களின் பெயரையே மாற்றியது.

பட்டத்தில் எதைப் பார்ப்பது?

சொல்லுக்குள் இருக்கும் இழுபறி பல்கலைக்கழகங்களிலும் தெரியும். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் 2000இல் தகவலியலுக்கென்றே தனிப் பள்ளி தொடங்கி, உயிர்த் தகவலியலையும் வேதித் தகவலியலையும் முதுநிலைப் படிப்புகளாக வைத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வேதித் தகவலியல் வளர்ந்த இடம் நூலகவியலோடு சேர்ந்த தகவல் ஆய்வுத் துறை. பிரான்சின் ஸ்த்ராஸ்பூரில் அது வேதியியல் புலத்தில் இருக்கிறது. பெயர் ஒன்றானாலும், எந்தத் துறை நடத்துகிறதோ அதன் சாயல் பாடத்தில் விழும்.

தமிழ்நாட்டிலும் இதையே பார்க்க வேண்டும். காரைக்குடி அழகப்பா, கோவை பாரதியார் பல்கலைக்கழகங்களில் உயிர்த் தகவலியல் தனித் துறை, அவை எம்.எஸ்சி. மரபு. தஞ்சை சாஸ்திரா போன்ற இடங்களில் அது பி.டெக். மதுரை காமராசர் பல்கலைக்கழகம், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய தகவல் மைய வலையமைப்பின் வழியே இதில் இறங்கியது. வேதித் தகவலியல் இந்தியாவில் தனிப் பட்டமாக அமைவது அரிது. உயிர்த் தகவலியல் அல்லது மருந்தியல் படிப்புக்குள் ஒரு தாளாகவே பெரும்பாலும் வரும். அதில் ஆர்வமுள்ளவர் வேதியியலில் இளநிலை முடித்து, நிரலாக்கத்தைத் தனியே கற்று, முதுநிலைத் திட்டப்பணியில் மருந்து வடிவமைப்பை எடுப்பது நடைமுறையில் கைகொடுக்கும் வழி.

சேருமுன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். லினக்ஸ் கட்டளைகள், பைத்தான் அல்லது ஆர் மொழி முதல் செமஸ்டரிலேயே வருகின்றனவா? புள்ளியியல் ஒரு முழுத் தாளாக உண்டா? வரிசை ஒப்பீட்டின் படிமுறையைக் கையால் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்களா, இணையதளத்தில் ஒட்டிப் பொத்தானை அழுத்துவதோடு ஆய்வகம் முடிகிறதா? கடைசி செமஸ்டர் முழுக்கத் திட்டப்பணிக்கு விடப்படுகிறதா? பொத்தான் அழுத்தும் ஆய்வகத்தில் இரண்டு ஆண்டு இருந்தவர், இணையதளம் முகம் மாறிய அன்றே கற்றதை இழக்கிறார். புள்ளியியல் பக்கம் மெலிந்த பாடத்திட்டமும் அதே அளவு ஆபத்து: பிளாஸ்ட் தரும் ஈ மதிப்பு (தற்செயலாக எத்தனை பொருத்தங்கள் கிடைக்கலாம் என்ற கணிப்பு), தேடிய தரவுத்தளம் பெரிதாகப் பெரிதாகக் கூடும் என்று தெரியாமல், வெவ்வேறு தளங்களில் கிடைத்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவார்கள்.

சொற்களின் கிளைகளையும் குறித்துவைக்கலாம். இத்துறையில் பணிபுரிபவர் உயிர்த் தகவலியலாளர், வேதித் தகவலியலாளர். பட்டத்தைத் தமிழில் எழுதும்போது 'அறிவியல் முதுவர், உயிர்த் தகவலியல்' என்று எழுதுங்கள். மருத்துவத் தகவலியல், நலவாழ்வுத் தகவலியல், வேளாண் தகவலியல் எல்லாவற்றுக்கும் இதே அமைப்பு செல்லும். வாக்கியத்தின் நடுவே உரிச்சொல்லாக வேண்டிய இடத்தில் 'உயிர்த் தகவலியல்சார்' என்று நீட்டத் தேவையில்லை. உயிர்த் தகவலியல் முறை, உயிர்த் தகவலியல் கருவி என்றாலே போதும்.