ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி.யை மாற்றச் சொல்வதற்கு முன்

கோலாலம்பூரில் மாலை மழை இடியோடு இறங்கினால் வயர்மேன்களின் கைப்பேசி ஓயாது. "அண்ணே, ட்ரிப் ஆகிக்கிட்டே இருக்கு, அந்த சுவிட்சை மாத்திக் கொடுத்திடுங்க." அவர்கள் சொல்வது ஆர்.சி.சி.பி.யை. மின்கசிவு கண்டால் தானே விழுந்து (ட்ரிப் ஆகி) மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. பெரும்பாலான வீடுகளில் கோளாறு அந்த சுவிட்சில் இருக்காது.

வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டி.பி. பெட்டியில் வரிசையாக நிற்கும் சின்ன சுவிட்சுகள் எம்.சி.பி. சற்று அகலமாக, 'T' எழுத்துள்ள டெஸ்ட் பட்டனோடு இருப்பது ஆர்.சி.சி.பி. முன்னது அளவுக்கு மீறிய மின்சாரத்திலிருந்து வயரைக் காக்கும், பின்னது ஆளைக் காக்கும். உடம்பில் 10 மில்லியாம்பியர் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டினால் இதயத்துடிப்பு குலையலாம். 20 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 20,000 மில்லியாம்பியர். ஓர் ஆள் ஷாக் அடித்துக் கிடந்தாலும் அது அசையாது. லைவ் வயரில் போன மின்சாரம் நியூட்ரல் வயரில் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது ஆர்.சி.சி.பி. மட்டும்தான்.

எவ்வளவு கசிந்தால் விழும் என்று அதன் முகப்பில் 0.01, 0.03, 0.1 ஆம்பியர் (அதாவது 10, 30, 100 மில்லியாம்பியர்) என்று ஏதோ ஒன்று அச்சிட்டிருக்கும். மலேசியாவின் 1994 மின்சார விதிமுறைகளின்படி தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லியாம்பியர், கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30, மற்றவற்றுக்கு 100. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று 0.03-ஐக் கழற்றிவிட்டு 0.1 மாட்டுவதும், ஆர்.சி.சி.பி.யையே விட்டுவிட்டு வயரை நேராக இணைப்பதும் உயிரோடு விளையாடுவது. யார் செய்து தந்தாலும் ஏற்காதீர்கள்.

கோளாறு எங்கே என்பதை நீங்களே பாதி கண்டுபிடித்துவிடலாம். எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்குங்கள். ஆர்.சி.சி.பி. நெம்புகோலை முழுதாகக் கீழே அழுத்தி, பிறகு மேலே தள்ளுங்கள். எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, அந்த சர்க்யூட்டில் உள்ள பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டு மறுபடி பாருங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சாதாரண பிளக் சுவிட்ச் லைவை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் தொடர்பிலேயே இருக்கும். நியூட்ரல் எங்காவது எர்த்தை (தரையிணைப்பு வயரை) தொட்டுக்கொண்டிருந்தால், அந்த சர்க்யூட் அணைந்திருந்தாலும் வேறொரு சாமானைப் போடும்போது ட்ரிப் ஆகும். ஒன்றும் செய்யாத மின்விசிறி மேல் பழி விழுவது இப்படித்தான்.

மழைக்கு மட்டும் ட்ரிப் ஆனால் ஆட்டோகேட் மோட்டார், போர்ச் விளக்கு, காலிங் பெல், வாசல் பிளக் ஆகியவற்றை முதலில் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது உள்ளே பல்லி புகுந்திருக்கும், எறும்பு கூடு கட்டியிருக்கும். இடி விழும் நேரத்தில் ஒரே ஒரு முறை விழுந்து, ஏற்றியதும் நின்றுவிட்டால் அது மின்னல் அதிர்வாக இருக்கலாம்.

குளியலறை ஹீட்டருக்கு வருவோம். வயர்மேன்களாகிய எங்களுக்கு மிகவும் பயம் தருவது இதுதான். 3.6 கிலோவாட் ஹீட்டர் 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகும். டி.பி.யிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி., லைவ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் சுவிட்ச் வேண்டும். எர்த் வயர் கட்டாயம். பழைய அடுக்குமாடிகளில் பழைய ஹீட்டரைக் கழற்றிப் புதிதை மாட்டும்போது எர்த்தை இணைக்காமல் விடுவதுண்டு. ஹீட்டர் சூடாக்கும், டெஸ்ட் பட்டனும் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகம் வராது. ஏனென்றால் டெஸ்ட் பட்டன் ஆர்.சி.சி.பி.யின் இயக்கத்தைத்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல. எர்த் இருந்தால் உறையில் கசிவு தொடங்கியதுமே ட்ரிப் ஆகிவிடும். இல்லாவிட்டால் கசிவு, யாராவது தொடும்வரை காத்திருக்கும்.

ஆனாலும் மாதம் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்துங்கள். நீண்ட நாள் அசையாமல் இருக்கும் இயந்திரம் இறுகிப்போகும். அழுத்தியும் விழாவிட்டால் அந்த ஆர்.சி.சி.பி.யை உடனே மாற்றியே ஆகவேண்டும்.

வயர்மேனை அழைக்கும்போது சுருஹான்ஜாயா தெனாகா (மலேசிய எரிசக்தி ஆணையம்) தந்த தகுதிச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சாமான்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் இன்சுலேஷனை (வயரின் மின்காப்பை) சோதித்து, ஒவ்வொரு சர்க்யூட்டின் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த சர்க்யூட்டில் கசிவு இருக்கிறது. சரிசெய்யும்வரை அதன் எம்.சி.பி. இறங்கியே இருக்கட்டும்.