ஐ.ஆர்.35: பெயரும் பொருளும் தமிழும்

பிரிட்டனில் தம் பெயரில் ஒரு லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்து, அதன் வழியே கணினித் துறையிலோ பொறியியலிலோ ஒப்பந்த வேலை செய்பவர்கள், புதிய வேலை எதுவானாலும் முதலில் கேட்பது, "இது ஐ.ஆர்.35-க்கு உள்ளேயா, வெளியேயா?" என்பதையே. 1999 மார்ச் 9 அன்று நிதியமைச்சர் கார்டன் பிரவுன் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்தபோது, இன்லேண்ட் ரெவின்யூ எனப்பட்ட வருவாய்த் துறை வெளியிட்ட ஒரு செய்திக்குறிப்பின் எண் அது; அக்குறிப்பு அறிவித்த வரிவிதிக்கும் அதுவே பெயராயிற்று. ஒரு வேலை அவ்விதிக்கு உட்பட்டால் "உள்ளே", உட்படாவிட்டால் "வெளியே". அத்துறை 2005-இல் சுங்கத் துறையோடு இணைந்து எச்.எம்.ஆர்.சி. என்ற இன்றைய வரித்துறை ஆகிவிட்டபோதிலும், குறிப்பின் எண் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஊழியராக வேலையை விட்டு, திங்கட்கிழமை தம் கம்பெனியின் பெயரில் அதே வேலைக்கு ஆலோசகராகத் திரும்பும் வழக்கத்தை அக்குறிப்பு சுட்டிக்காட்டியது. கம்பெனி பெறும் தொகையைச் சம்பளமாக அன்றிப் பங்காதாயமாக (டிவிடெண்ட்) எடுத்துக்கொண்டால், சம்பளத்தின் மீது அரசுக்குச் செலுத்தவேண்டிய தேசியக் காப்பீட்டுத் தொகை மிச்சமாகும். 2000 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த விதி இதற்குத் தடையிட்டது: இடையில் உள்ள கம்பெனி இல்லையென்று வைத்துப் பார்த்தால் அவர் ஊழியராகவே இருப்பார் என்ற நிலையில், அந்த வருமானத்துக்கு ஊழியருக்குரிய வரி உண்டு.

யார் ஊழியர் என்பதற்குச் சட்டத்தில் முழுமையான இலக்கணம் இல்லாததால், 1968-ஆம் ஆண்டின் ரெடி மிக்ஸ்டு கான்கிரீட் வழக்குத் தீர்ப்பையே இன்றும் அடிப்படையாகக் கொள்கிறார்கள். அவர் நேரில் வந்தே ஆகவேண்டுமா, தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாமா, வேலையை எப்படிச் செய்யவேண்டும் என்று ஆணையிடும் அதிகாரம் யாருக்கு, வேலை தரவும் ஏற்கவும் இருதரப்புக்கும் கடப்பாடு உண்டா என்பவை முதன்மையான கேள்விகள். ஒப்பந்தத் தாளில் ஒன்று எழுதியிருக்க, அலுவலகத்தில் வேறொன்று நடந்தால் தாள் காப்பாற்றாது. ஒவ்வொரு வேலையும் தனித்தனியே மதிப்பிடப்படுவதால், ஒரே ஆள் ஓர் ஒப்பந்தத்தில் உள்ளேயும் மற்றொன்றில் வெளியேயும் இருக்கலாம்.

முன்பு இந்த முடிவும் அதன் இடரும் ஒப்பந்தக்காரரின் கம்பெனியைச் சேர்ந்தவையாக இருந்தன. 2017 ஏப்ரலில் அரசுத் துறையிலும், 2021 ஏப்ரலில் தனியார் துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களிலும் முடிவெடுக்கும் பொறுப்பு வேலை தருபவரிடம் சென்றது. சிறு நிறுவனத்துக்கு வேலை செய்பவரின் நிலை மட்டும் பழையபடியே உள்ளது. வேலை தருபவர் காரணங்களோடு எழுத்தில் முடிவைத் தரவேண்டும்; அதை மறுத்து முறையிட்டால் 45 நாள்களுக்குள் பதில் சொல்லவேண்டும். இந்த உரிமையைக் கேட்டுப் பெறவேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் வரிச் சிக்கலுக்கு அஞ்சிய பல நிறுவனங்கள் தனிக் கம்பெனிகளை ஒட்டுமொத்தமாக விலக்கின. "உள்ளே" என்று முடிவானால் ஊழியருக்குரிய வரி பிடிக்கப்படும். ஆனால் அந்த முடிவு மட்டும் சம்பளத்தோடு கூடிய விடுப்பையோ பணிநீக்கப் பாதுகாப்பையோ பெற்றுத் தருவதில்லை. வரிக்கு ஊழியர், உரிமைக்கு அயலார் என்ற இந்த நிலை நியாயமற்றது என்பதே என் கருத்து.

தமிழில் இவ்விதியை "இடைநிறுவன வரிவிதி" எனலாம்; ஊழியருக்கும் வேலை தருபவருக்கும் நடுவே ஒரு நிறுவனம் நிற்பதே இதன் கரு. இவ்விதியின்படி ஊழியராகக் கருதப்படுபவரை "வரிநோக்கில் ஊழியர்" என்பது பொருந்தும். "போலி ஒப்பந்தக்காரர்" என்று சிலர் எழுதுவது தவறு, ஏனெனில் விதிக்குள் வருவது குற்றமன்று. இத்தகையோரை "ஒப்பந்தத் தொழிலாளர்" என்பதும் பொருந்தாது. அச்சொல் நம்மிடம், இடைத்தரகர் ஒருவர் வேலைக்கு அமர்த்தும் துப்புரவுப் பணியாளர் போன்றோரையே குறிக்கிறது. சொந்தக் கம்பெனி வழியே வேலை செய்பவருக்குத் "தன்நிறுவன ஒப்பந்தர்" என்பதை முன்வைக்கிறேன்.