எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட என்னிடம் வழி கேட்காதீர்கள்

போன வாரம் என்னோடு படித்த தோழி அழைத்தாள். அவளுடைய தங்கைக்கு லூபஸ். நான்கு ஆண்டுகளாக ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சிறிய அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். மூன்று மாதங்களுக்கு முன்பு, 'நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து' என்று எங்கோ படித்துவிட்டுப் பயந்திருக்கிறாள். இரண்டையும் தானாகவே நிறுத்திவிட்டாள். அதற்குப் பதிலாக, 'எதிர்ப்புச் சக்தியை இருமடங்காக்கும்' என்று அச்சிட்ட டப்பாவிலிருந்து தினமும் இரண்டு கரண்டி பொடி. இப்போது கால்கள் வீங்கி, சிறுநீரில் புரதம் போய், சிறுநீரகத்திலிருந்து திசு எடுத்துச் சோதிக்கும் நிலையில் மருத்துவமனையில் படுத்திருக்கிறாள்.

இந்த ஆண்டில் என் காதுக்கு வந்த மூன்றாவது கதை இது. அந்தப் பொடி அவளுக்கு என்ன செய்தது என்று என்னால் சொல்ல முடியாது. மருந்தை நிறுத்தியது என்ன செய்தது என்று சொல்ல முடியும். லூபஸ் என்பதே நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பின் மீது பாய்கிற நோய். அவளுக்கு எதிர்ப்பில் குறைவில்லை. அது ஆளும் இடமும் தெரியாமல் வேலை செய்ததுதான் நோய்.

நான் மருத்துவர் அல்ல, மூலக்கூறு உயிரியலாளர். முதல் பத்தாண்டுகள், அழற்சிக்கான சமிக்ஞை செல்லின் மேற்பரப்பிலிருந்து உட்கருவுக்குள் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு மருந்து கண்டுபிடிக்கும் பக்கம் வந்துவிட்டேன். இம்யூனாலஜி (நோய் எதிர்ப்பியல்) என்று வாயைத் திறந்ததும், 'எதைச் சாப்பிட்டால் சக்தி கூடும்?' என்ற கேள்வி வரும். எங்கள் துறையின் உழைப்பில் பெரும்பங்கு எதிர்ப்பைக் குறைப்பதற்கும் திசைதிருப்புவதற்கும்தான் செலவாகிறது என்றால் யாரும் நம்புவதில்லை. 1998-இல் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்ஸிமாப், 2002-இல் வந்த அடாலிமுமாப் இரண்டும் டி.என்.எஃப். என்ற ஒரே ஓர் அழற்சிப் புரதத்தைப் பிடித்துக் கட்டுபவை. மூட்டு முடங்கிக் கிடந்த எத்தனையோ பேர் எழுந்து நடந்தது அதனால்தான்.

சரி, கூட்ட வேண்டும் என்கிறீர்களே, எதைக் கூட்டுவது? எதிர்ப்புச் சக்தி என்று தொட்டியில் நிரப்பி வைத்த தண்ணீர் எதுவும் உடம்பில் கிடையாது. ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் இழுத்துப் பிடித்தும் வேலை செய்கிற பல வகைச் செல்களும் நூற்றுக்கணக்கான புரதங்களும்தான் இருக்கின்றன. ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி எனும் புரதம்) கூடினால் ஒவ்வாமை. டி செல்கள் என்ற வெள்ளையணுக்களில் ஒரு வகை வரம்பு மீறினால் சொரியாசிஸ் என்ற தோல் நோய். அடக்குகிற டி செல்களைக் கூட்டினால் புற்றுநோய்க்குக் கொண்டாட்டம். அவை இல்லாமலே போனாலோ நிலைமை இன்னும் மோசம். அவற்றை உருவாக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவும் ஓயாத வயிற்றுப்போக்கும் தோல் அழற்சியும் வந்துவிடும். அந்த அடக்கும் செல்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025-இல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எதிர்ப்பை நிறுத்தத் தெரிந்த செல்களுக்காக ஒரு நோபல்! அந்தச் செய்தியின் கீழேயே எதிர்ப்புச் சக்தி மாத்திரைக்கு விளம்பரம் ஓடியதையும் பார்த்தேன்.

'குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது, சக்தி குறைந்துவிட்டதோ?' சின்னக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்பு. சளிக்குக் காரணமான ரைனோவைரஸில் மட்டும் 150-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒழுகும் மூக்கும் காய்ச்சலும் பெரும்பாலும் எதிர்ப்பு மண்டலம் வேலை செய்வதன் அடையாளங்கள். அதையே இருமடங்காக்கினால் மூக்கும் இருமடங்கு ஒழுகும்.

டி செல்களை உண்மையாகவே ஒட்டுமொத்தமாகத் தூண்டிவிட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். 2006 மார்ச்சில் லண்டனில் டி.ஜி.என். 1412 என்ற எதிர்ப்பொருள் மருந்தை முதன்முறையாக மனிதர்களுக்குச் செலுத்தினார்கள். ஆரோக்கியமான ஆறு இளைஞர்கள். விலங்குகளில் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தலைவலி, நடுக்கம், வாந்தி. ஒரு நாள் முடிவதற்குள் ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில், உறுப்புகள் செயலிழந்த நிலையில் கிடந்தார்கள். உயிர் பிழைத்தார்கள், ஆனால் ஒருவருக்குக் கால்விரல்கள் போயின. நான் அப்போது முனைவர் பட்ட மாணவி. அந்த வாரம் முழுக்க எங்கள் ஆய்வகத்தில் யாரும் உரக்கப் பேசவில்லை.

இப்போதைய புற்றுநோய் மருந்துகளில் சில டி செல்களின் பிரேக்கை விடுவிக்கின்றன. ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பெற்றது இதற்குத்தான். அற்புதமான மருந்துகள். அவற்றை எடுப்பவர்களில் சிலருக்குப் பெருங்குடல் அழற்சியும் தைராய்டு அழற்சியும், அரிதாக இதயத் தசை அழற்சியும் வருகின்றன. புற்றுநோய் என்றால் அந்த ஆபத்தை ஏற்கலாம். மழைக்காலச் சளிக்கு ஏற்பீர்களா?

'ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது' என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்கே சூடு பட்ட விஷயம் இது. ஒரு தாவரச் சாறு, கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களைப் பிரமாதமாகத் தூண்டியது. இண்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதத்தின் அளவு, செல்கள் இருந்த தட்டு முழுக்க எகிறியது. எட்டு மாதங்கள் அதன் பின்னால் ஓடினோம். கடைசியில் பாலிமிக்ஸின்-பி என்ற மருந்தைச் சேர்த்துப் பார்த்தோம், எல்லாம் அடங்கிவிட்டது. தூண்டியது தாவரம் அல்ல. சாற்றில் கலந்திருந்த பாக்டீரியாக்களின் எண்டோடாக்சின் என்ற நச்சு; பாலிமிக்ஸின் கட்டிப்போட்டது அதைத்தான். கொதிக்க வைத்தாலும் போகாத அழுக்கு. (இதை முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும் என்று இளம் ஆய்வாளர்களிடம் இன்றும் கத்துகிறேன்.) தட்டில் செல் துள்ளியது என்பதற்கு இவ்வளவுதான் மதிப்பு. மனிதர்களில் சோதிக்கும் கட்டம் வரை வந்த மருந்துகளிலேயே பத்தில் ஒன்றுதான் அனுமதி வரை போகிறது.

ஆகவே, தயவுசெய்து கேளுங்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் எடுத்தவர்களின் அட்ரினல் சுரப்பி தன் வேலையையே மறந்திருக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். டி.என்.எஃப். மருந்து தொடங்குமுன் காசநோய்ச் சோதனை கேட்டால் முகம் சுளிக்காதீர்கள், பதுங்கியிருக்கும் காசநோய் அந்த மருந்தால் விழித்துக்கொள்ளலாம். இத்தகைய மருந்துகள் எடுக்கும்போது காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். உயிருள்ள கிருமியிலிருந்து செய்த தடுப்பூசி எது, மற்றது எது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசியையே தவிர்த்துவிடாதீர்கள், எதிர்ப்பு மண்டலத்துக்கு இன்ன கிருமி என்று அடையாளம் காட்டிப் பழக்குவது அதுதான்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். 'மூலிகைதானே' என்று எதையும் சேர்க்காதீர்கள். செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை, பொருத்திய உறுப்பைக் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து ரத்தத்தில் தங்கும் அளவையே குறைத்துவிடும். பொருத்திய உறுப்பை உடம்பு நிராகரித்த சம்பவங்களும் பதிவாகியுள்ளன. வலி நிவாரண 'இயற்கை' மருந்துகள் சிலவற்றில், லேபிளில் சொல்லாத டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததையும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. இயற்கை என்று சொல்லிக்கொண்டே எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து!

நேற்று தோழியின் தங்கையே பேசினாள். பழைய மருந்துகளோடு மைக்கோஃபினோலேட்டும் சேர்த்திருக்கிறார்களாம். "அதுவும் குறைக்கிற மருந்துதானாமே அக்கா, சாப்பிடட்டுமா?" என்றாள். சாப்பிடு என்றேன். டப்பாவில் பாதிக்கு மேல் பொடி மிச்சமிருக்கிறது, என்ன செய்வது என்றாள்.

லேபிளைக் கிழிக்காமல் அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருக்கிறேன்.