இரண்டு வயதில் குடித்த தண்ணீர், ஏழு வயதில் முளைக்கும் பல்

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மூத்தவனுக்குப் பால் பற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. அவை விழுந்து முளைத்த புதுப் பற்களில் திட்டுத் திட்டாக வெள்ளை. இப்போது அது பழுப்பாகிக்கொண்டே வருகிறது. ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. நல்ல தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகா பல் கெடும்? இளையவளுக்குப் பத்து மாதம். அவளுக்கும் இப்படி ஆகிவிடுமா?”

நம் மாவட்டத்துத் தண்ணீரில், அளவுக்கு மிஞ்சினால் பல்லைக் கெடுக்கும் புளோரைடு இருப்பதை தர்மபுரிக்காரருக்கோ கிருஷ்ணகிரிக்காரருக்கோ புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ள கடினப் பாறைகளின் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் அது இருக்கிறது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நிலத்தடி நீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டும் ஆழ்துளைக் கிணறுகள் இரு மாவட்டங்களிலும் உண்டு. இவரது கேள்வியில் உள்ள புதிர் வேறு. தண்ணீர் மாறிய பிறகு பல்லில் கறை வந்தது எப்படி?

கறை இப்போது தெரிகிறது, அவ்வளவுதான். அந்தப் பல்லில் கோளாறு புகுந்தது, அது ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த நாட்களில்.

மேல் தாடையின் நிரந்தர முன்பல் ஏழு, எட்டு வயதில் வெளியே வருகிறது. ஆனால் அதன் மேல் உறையான எனாமல் உருவாகத் தொடங்குவது குழந்தைக்கு மூன்று, நான்கு மாதம் ஆகும்போதே. பால் பல்கூட எட்டிப் பார்க்காத அந்தப் பொக்கை வாய்க்குள், தாடை எலும்பின் ஆழத்தில், பிற்காலத்துச் சிரிப்புக்கான வேலை தொடங்கிவிடுகிறது. நான்கு, ஐந்து வயதுக்குள் பல்லின் தலைப்பகுதி முழுவதும் முடிந்துவிடும். மீதி ஆண்டுகள் வேர் வளர்ந்து மேலேறி வருவதற்கானவை.

இதைக் கட்டுபவை அமிலோபிளாஸ்ட் என்னும் செல்கள். நம் உடலில் எனக்கு மிகவும் பிடித்த செல்கள் எவை என்று யாராவது கேட்டால் தயங்காமல் இவற்றைத்தான் சொல்வேன். வரிசையாக நின்று, ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூற்றைம்பதில் ஒரு பங்கு எனாமலைச் சுரந்துவிட்டு, அந்த அளவுக்குப் பின்னால் நகர்கின்றன. மறுநாள் மறுபடி அவ்வளவு. பல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் இந்த அன்றாட வேலை நுண்ணிய குறுக்குக் கோடுகளாகத் தெரியும். இன்னொரு அதிசயமும் அதில் இருக்கிறது. எல்லாப் பால் பற்களிலும் ஒரு கோடு மட்டும் தனித்துத் தடித்திருக்கும். அது குழந்தை பிறந்த நேரம். கருப்பையிலிருந்து வெளி உலகுக்கு வந்த அதிர்ச்சியில் செல்கள் சற்றுத் தடுமாறிய அடையாளம். அதற்கு உள்பக்கம் இருக்கும் எனாமல் தாயின் வயிற்றில் உருவானது. வெளிப்பக்கம் இருப்பது பிறந்த பிறகு உருவானது. விழுந்த பல்லைக் கூரையில் எறியும்போது பிள்ளையின் பிறந்த நாளும் அதனுடன் போகிறது.

முதலில் சுரப்பது கெட்டியான எனாமல் அல்ல. பெரும்பகுதி புரதமும் நீரும். அதனிடையே இழை இழையாகச் சிறு கனிமப் படிகங்கள். கான்கிரீட் கூரை போடும்போது சென்ட்ரிங் பலகை அடிப்பதுபோல, படிகங்கள் சரியான திசையில் வளர இந்தப் புரதம் இடம் பிடித்து வைக்கிறது. உயரம் முழுவதும் எட்டியதும் அதே செல்கள் தொழிலை மாற்றிக்கொள்கின்றன. நொதிகளை அனுப்பிப் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி வெளியே இழுக்கின்றன. காலியான இடத்தில் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இறக்குகின்றன. படிகங்கள் பருத்து ஒன்றோடொன்று நெருங்குகின்றன. முடிவில் எடையில் 96 சதவீதம் கனிமம். உடலில் இதைவிடக் கடினமான பொருள் இல்லை.

புளோரைடு அளவுக்கு மிஞ்சிய இரத்தம் வந்து சேரும்போது புரதத்தை அகற்றும் இந்த வேலை மந்தமாகிறது. பலகை முழுதாகக் கழற்றப்படாமலே நாட்கள் கடந்துவிடுகின்றன. படிகங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நின்றுவிடுகின்றன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதால் அந்த இடம் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. பல் முளைக்கும்போது இருப்பது இந்த வெள்ளை மட்டுமே. பழுப்பு, வெளியே வந்த பிறகு உணவிலிருந்தும் பானத்திலிருந்தும் துளைகளுக்குள் இறங்கும் நிறம். அந்தச் சிறுவனின் பல்லைத் துணியால் ஒற்றிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் கிடைமட்டமாக ஓடும். இடது பல்லில் இருக்கும் உயரத்திலேயே வலது பல்லிலும் இருக்கும். இரண்டும் ஒரே நாட்களில் உருவானவை ஆயிற்றே.

வேலை முடிந்ததும் இந்தச் செல்கள் சுருங்கிவிடுகின்றன. பல் வெளியே வரும்போது உதிர்ந்தே போகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமலைத் திரும்பக் கட்ட ஆள் இல்லை.

பால் பற்கள் தப்பியது ஏன் என்பதும் இதிலேயே விளங்கும். பால் முன்பற்களின் பெரும்பகுதி கருப்பையில் உருவாகிவிட்டது. மிச்சம் தாய்ப்பால் குடித்த மாதங்களில். தாய் குடிக்கும் தண்ணீரில் புளோரைடு மிகுந்திருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகச் சொற்பமே. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, மூன்றாம் மாதமே புட்டிப்பால் கரைத்துக் கொடுப்பது ஆகிய பழக்கங்கள் இந்தக் கவசத்தில் நாமே போடும் ஓட்டை. வயிற்றுப்போக்குக்காகச் சொல்லப்படும் ‘ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்’ என்ற அறிவுரைக்கு நம் ஊரில் இப்படி இன்னொரு காரணமும் உண்டு.

முன்பற்களைப் பொறுத்தவரை முதல் மூன்று ஆண்டுகள்தான் நெருக்கடியான காலம். தாய்ப்பால் குறைந்து கூழும் சோறும் ஏறும் காலமும் அதுவே. உடம்பு சிறியது; எடைக்குக் குடிக்கும் தண்ணீர் அதிகம். உள்ளே போன புளோரைடில் பெரியவர்கள் ஏறத்தாழ பாதியைத் தங்க வைத்துக்கொள்கிறார்கள், சிறு குழந்தைகள் அதைவிட அதிகம். எலும்பு வளர்ந்துகொண்டிருக்கிறது அல்லவா? கேழ்வரகில் உள்ள கால்சியம் குடலில் புளோரைடைப் பிடித்துக்கொண்டு ஓரளவு தடுக்கும் என்பது ஆறுதல். ஆனால் கூழ் காய்ச்சும் தண்ணீரே புளோரைடு மிகுந்ததாக இருந்தால் அந்த ஆறுதலை நம்பியிருக்க முடியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இதற்கிடையில் நாம் எதைப் பற்றிக் கவலைப்படுகிறோம்? மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று பரிகாரம் தேடுகிறோம். பழுப்புப் பல்லோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ‘பல் விளக்காதவன்’ என்று திட்டுகிறோம். அவமானம் தாங்காமல் அவன் செங்கல் பொடி போட்டுத் தேய்க்கிறான். இருக்கும் எனாமலும் தேய்கிறது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கும் விஷயம். அந்தப் பிள்ளை ஒரு தவறும் செய்யவில்லை.

சென்னை மாகாணத்தில் புளோரைடு நோய் பரவியிருப்பதை, நெல்லூர்ப் பகுதியை ஆராய்ந்தவர்கள் 1937-இலேயே எழுதி வெளியிட்டார்கள். தர்மபுரி அன்று அதே மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013-இல். அத்தனை காலம் எத்தனை தலைமுறைப் பற்கள்! காவிரி நீர் தடைபடும் நாளில் முதலில் யாருக்கு நல்ல தண்ணீர் என்று கேட்டால், அங்கன்வாடிக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்கும் என்பதே என் பதில். ஒவ்வொரு அங்கன்வாடியிலும் சத்துமாவு கிண்டும் தண்ணீரைச் சோதித்துப் பலகையில் எழுதிப் போட ஆகும் செலவு பெரிதல்ல.

இனி அந்தத் தாய்க்கு. மூத்தவனின் பல்லைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மேல்பரப்பை மெல்லத் தேய்த்தோ, பல் நிறப் பூச்சு இட்டோ கறையைப் பெருமளவு மறைக்க முடியும். இளையவளின் முன்பற்கள் இந்த மாதங்களில்தான் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவளுக்குக் குடிக்கவும் கூழ் காய்ச்சவும் ஒகேனக்கல் தண்ணீரையே தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பேஸ்ட் தொடங்கினால் மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு போதும், விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் புளோரைடு அளவைக் கேட்டு வாங்குங்கள்.