திரிபு அல்ல, கால்வழி

தொண்டை வலிக்காகச் சிம்மக்கல்லில் ஒரு மருத்துவரைப் பார்க்கப் போனேன். காத்திருந்தவர்களுக்குத் துண்டறிக்கை கொடுத்தார்கள்: 'ஊடுருவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் திரிபுகளின் பருவகால, புவியியல் வடிவங்கள்'. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது தொண்டை வலி தரும் ஒரு பாக்டீரியா. தலைப்பைப் படித்ததும் தலையும் வலிக்கத் தொடங்கியது.

'ஊடுருவும்' நல்ல சொல். ரத்தம், மூட்டுநீர் போன்ற கிருமி இருக்கக் கூடாத இடத்துக்குள் புகுவது என்று பொருள். வேறொருவர் இதையே 'ஆக்கிரமிப்பு' என்று எழுதக் கண்டேன். கண்மாயில் வீடு கட்டியதுபோல!

என் சண்டை 'திரிபு' மீதுதான். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெயின்' என்பதைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். ஸ்ட்ரெயின் என்ற ஒலியில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு. இழுத்து இறுக்குதல் என்பது லத்தீனத்திலிருந்து வந்தது. கிருமிக்கு வழங்குவது பழைய ஆங்கிலச் சொல். ஈட்டம், பிள்ளைப்பேறு என்றிருந்து வம்சம் என்றானது.

திரிபு அப்படியா? பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகையில் 'ன்' 'ற்' ஆகிறதே, அதுதான் திரிதல். முன்னால் ஓர் உரு இருந்து அது மாற வேண்டும். கொரோனாக் காலத்தில் வேரியன்ட் என்பதற்கு இதை வைத்தார்கள், பொருந்தியது. அன்றுமுதல் மொழிபெயர்ப்பாளருக்கு எந்தக் கிருமியும் திரிபுதான். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸை, அதன் மேற்பரப்பில் உள்ள 'எம்' என்ற புரதத்தைக் கொண்டு எம்1, எம்12 என 200க்கும் மேல் வகை பிரித்திருக்கிறார்கள். எம்12 திரிந்தா எம்1 வந்தது? இரண்டும் பங்காளிகள். குளிர்நாடுகளில் ஊடுருவும் நோய் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் கூடும். பெரும்பாலும் சில வகைகளே காரணம். வெப்பநாடுகளில் பல வகைகள் கலந்து உலவும். துண்டறிக்கையைப் படித்தவரோ, கிருமி மாசிக்கு ஓர் உருவும் மேலூருக்கு ஓர் உருவுமாக மாறுகிறது என்றுதான் நினைப்பார். பருவத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறுவது எந்தக் கூட்டத்தின் கை ஓங்குகிறது என்பதுதான்.

2022-23 குளிர்காலத்தில் இங்கிலாந்தை ஆட்டிய எம்1-யுகே என்ற கிளை மட்டும் பழைய எம்1-இலிருந்து மரபணுத் தொடரில் 27 எழுத்துகள் மாறிக் கிளைத்தது. அதைத் திரிபு என்றால் வாய்மூடிக் கொள்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கும்பிட வரும் பங்காளிகளை 'இன்ன வீட்டு வகையறா' என்பார்கள். ஸ்ட்ரெயினுக்கு அச்சாகப் பொருந்தும் சொல். ஆனால் அரபியில் பிறந்து உருது வழியாக வந்தது, மூலத்தில் 'முதலியன' என்று பொருள். தமிழ்த் தூய்மை பேசிவிட்டு அதை எடுத்தால் என் நண்பர்களே சிரிப்பார்கள். இருக்கவே இருக்கிறது கால்வழி. வம்சம் என்று பொருள், அகராதியில் தூங்குகிறது.

தலைப்பில் 'வடிவங்கள்' வேறு! ஆங்கிலத்தின் 'பேட்டர்ன்', அதாவது திரும்பத் திரும்ப வரும் போக்கு. வடிவம் என்றால் வட்டமா, சதுரமா? 'ஊடுருவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்: எந்தக் கால்வழி, எப்போது, எங்கே ஓங்குகிறது' என்று துண்டறிக்கையின் பின்புறம் எழுதிக் கொடுத்துவிட்டு, மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.