கைத்தொழில் தெரிந்தவருக்குக் கடன்: செட்டிநாட்டிலிருந்து கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பார்த்தல்

அரசு உதவி என்றதும் நம்மிடம் இல்லாதவற்றைப் பட்டியலிட்டு மனு எழுதுவதே வழக்கமாகிவிட்டது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம், விண்ணப்பதாரருக்கு என்ன வேலை தெரியும் என்பதையே முதலில் பார்க்கிறது. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் துறை நடத்தும் இத்திட்டத்தில் 25 வகைத் தொழில்கள் இடம்பெற்றுள்ளன. 35 வயது நிரம்பியவர்கள் விண்ணப்பிக்கலாம். ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் குடும்ப வழித் தொழிலை வலியுறுத்துகிறது என்று தமிழ்நாடு ஆட்சேபித்ததன் தொடர்ச்சியாகவே இது வந்தது என்பதால், இங்கே சாதியோ தந்தையின் தொழிலோ நிபந்தனை அல்ல.

காரைக்குடிப் பக்கத்தில் கொட்டான் என்னும் பனையோலைக் கூடை முடையும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஒரே அகலத்தில் கிழித்து, சாயமேற்றி, ஈரம் போகாமல் பின்னுவதற்குள்ள கைப்பழக்கத்தை எந்தச் சான்றிதழும் தந்துவிடாது. ஆனால் கல்யாணச் சீசனுக்கு முன்பே ஓலையும் சாயமும் வாங்கிவைக்கக் கையில் பணம் வேண்டும். அது இல்லாதபோது வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியதாகிறது. இத்திட்டம் உதவக்கூடிய இடம் அதுதான்.

வங்கிக் கடன் 3 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். வட்டியிலும் 5 விழுக்காடு வரை சலுகை உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால், 2 லட்சத்திலேயே மானியம் உச்சவரம்பைத் தொட்டுவிடுகிறது. 3 லட்சம் வாங்கினாலும் அதே 50,000 தான். எனவே தேவையை மீறிப் பெரிய தொகை கேட்பதில் லாபமில்லை என்பது என் கருத்து. விண்ணப்பத்தை இணையத்தில் பதியலாம். மாவட்டத் தொழில் மையம் பரிந்துரைத்தாலும், கடன் தருவது வங்கியின் முடிவு. ஆத்தங்குடித் தரைக்கல் வார்ப்பவர்கள் தங்கள் வேலை எந்தத் தலைப்பில் சேரும் என்பதை மையத்தில் கேட்டுத் தெளிந்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரந்திருப்பதால், அவரவர் மாவட்ட மையத்தையே அணுக வேண்டும்.

கடன் தனி ஒருவருக்கானது. ஒரு வட்டாரத்துக்கே உரிய பொருளின் பெயருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பான புவிசார் குறியீடு அப்படியல்ல. செட்டிநாட்டுக் கொட்டானும் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் பெற்றுள்ள அந்தக் குறியீடு, வட்டாரத்தில் அத்தொழில் செய்வோர் அனைவருக்கும் பொதுவானது. ஆனாலும், அதைச் சட்டப்படி தம் பொருளில் பயன்படுத்த விரும்பும் தொழிலாளி, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகச் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் தனியே பதிந்துகொள்ள வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. வெளியூர்ப் போலிச் சரக்கு அதே பெயரில் விற்கும்போது நஷ்டம் ஊருக்கே வருகிறது. ஆகவே கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே, ஒரே தொழிலில் உள்ள நாலைந்து பேர் சேர்ந்து இந்தப் பதிவுக்கும் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.