மடை தெரிந்தால் சென்சார் புரியும்

டர்போ காரில் டியூனிங்குக்காக எக்ஸாஸ்ட் குழாயில் போட்ட வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் (புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளப்பது) சில மாதங்களிலேயே போய்விடுகிறதே, மட்டமான சரக்கா என்று பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சரக்கைக் குறை சொல்லுமுன், சென்சார் எந்தச் சாய்வில் உட்கார்ந்திருக்கிறது, ஹீட்டர் எப்போது சூடேறுகிறது என்று பாருங்கள்.

பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். அதுதான் லாம்டா 1. சாதாரண சென்சார் அதற்கு மேலா கீழா என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்வது வைட்பேண்ட்.

அது சொல்லும் விதம்தான் அழகு. தாமிரபரணிப் பாசனக் குளம் ஒன்றில் நீர்மட்டம் ஏறாமல் இறங்காமல் இருக்க மடையைத் திறந்து மூடுகிறோம் என்று வையுங்கள். மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்தாலே வரத்து தெரிந்துவிடும். சென்சாருக்குள் குளம் என்பது ஒரு நுண்ணிய அறை. புகை மெல்லிய இடுக்கு வழியே அதில் கசிகிறது. உள்ளே லாம்டா 1 இருந்தால் ஒரு சுவர் 450 மில்லிவோல்ட் காட்டும். இன்னொரு சுவர்தான் மடை: ஆக்ஸிஜன் மிஞ்சினால் மின்னோட்டம் அதை வெளியே தள்ளும், குறைந்தால் உள்ளே இழுக்கும். 450 மாறாமல் நிற்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டதோ, அதுவே அளவு. லாம்டா 1-இல் அது பூஜ்யம். பாஷ் கம்பெனியின் எல்எஸ்யு 4.9 என்ற வைட்பேண்ட் சென்சாரை வெளிக்காற்றில் வைத்தால் சுமார் 2.5 மில்லிஆம்பியர்.

சுவர் சிர்கோனியா பீங்கான். கொஞ்சம் இட்ரியா கலப்பதால் படிகத்தில் ஆக்ஸிஜன் உட்காரும் இடங்கள் சில காலியாகக் கிடக்கும். நல்ல சூட்டில் ஆக்ஸிஜன் அயனிகள் அந்தக் காலியிடங்களில் தாவித் தாவி மறுபக்கம் போய்ச் சேரும். ஆறிப்போனால் நகராது. அதனால்தான் ஹீட்டர் அதை 780 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறது.

எரிகிற அரிக்கேன் சிம்னியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் படீரென்று விரிசல் விடும். பீங்கானுக்கும் அதே கதி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நெல்லையில் வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரை கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்தினால், சித்திரை வெயிலிலும் அந்தத் தண்ணீர் எக்ஸாஸ்ட் குழாயில் தேங்கும். ஆகவே சென்சாரைக் கிடைமட்டத்துக்கு மேல் 10 டிகிரியாவது சாய்த்து, முனை கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். அடிப்பக்கம் வேண்டவே வேண்டாம். எம்18×1.5 மரை, 40 முதல் 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு. குழாய் காயும்வரை ஹீட்டருக்கு 2 வோல்ட் போதும், பிறகு 8.5 வோல்ட்டில் தொடங்கி நொடிக்கு 0.4 வோல்ட் ஏற்றலாம். டர்போவுக்கு முன்னால் வைத்தால் சூடும் அழுத்தமும் கூடி அளவு பொய்யாகும், பின்னால் வையுங்கள்.

கரன்ட் கொடுக்காமல் சென்சாரைக் குழாயிலேயே விட்டு ஓட்டுவது இன்னொரு பெரிய தப்பு. ஆறிய முனையில் கரி படிந்து இடுக்கு அடைபடும். கழற்றிவிட்டு அந்த ஓட்டைக்கு பிளக் போடுங்கள். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோல், சாதாரண சிலிகான் கேஸ்கெட் பசை, எஞ்சின் எரிக்கும் ஆயில் மூன்றும் முனையில் படிந்து அதைக் கொல்லும். கனெக்டரை வெட்டி வயரை ஒட்டுகிறவர்களும் உண்டு. அளவைச் சரிசெய்ய, அந்தச் சென்சாருக்கென்றே ஃபேக்டரியில் அளந்து வைத்த ரெசிஸ்டர் கனெக்டருக்குள்தான் இருக்கிறது.

செத்த சென்சார்கள் பழைய இரும்புக்குப் போகின்றன. நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் அவற்றை வாங்கி, அறுத்து, மைக்ராஸ்கோப்பில் மாணவர்களுக்குக் காட்ட ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும். விரிசலையும் கரியையும் கண்ணால் பார்த்தவர் மறக்கமாட்டார்.

புதிதாக மாட்டியும் அளவு லீனாகவே, அதாவது காற்று மிஞ்சியதாகவே, காட்டினால், சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட்டிலோ வெல்டிங்கிலோ கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அந்தக் கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே போனாலும் சென்சார் அதைத்தான் சொல்லும்.